ஆடு இரை எடுக்கவில்லையா? மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை, அறிகுறி வாரியாக

குறிஞ்சிப்பாடி, வடலூர், பண்ருட்டி பக்கம் பத்துப் பதினைந்து ஆடு வைத்திருக்கும் வீடுகளில் தொந்தரவுகள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வருகின்றன. ஐப்பசி மழையில் சளியும் கால் நொண்டலும், மழை விட்டதும் புழு, பொங்கலுக்கு மறுநாள் வயிறு, முந்திரி பூக்கும்போது பூச்சிமருந்து விஷம். ஆட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் "என்ன மருந்து ஊத்தலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது, நேற்று அது என்ன தின்றது என்பதைத்தான். அந்தப் பதிலும், இடது வயிறும், கண் இமையின் நிறமும் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், தையல் டேப், சமையல் சோடா, கடலை எண்ணெய் இருக்கட்டும். கடலூர் மாவட்டத்தில் 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள். 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரி. சித்திரை வெயிலில் மதியம் 104 காட்டினால் பதறாதீர்கள், நிழலில் கட்டி ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். காலை நேரத்திலேயே 104.5 என்றால் காய்ச்சல்தான். 101-க்குக் கீழே போனால் காய்ச்சலைவிட மோசம்.

அடுத்து இடது வயிறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் உள்ளங்கையை அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருங்கள். நல்ல ஆட்டுக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளே இரை உருண்டு கையைத் தள்ளும். அந்த அசைவே இல்லையென்றால் இரைப்பை நின்றுபோயிருக்கிறது.

பிறகு கீழ் இமையை விரலால் கீழே இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பு அல்லது ரோஸ் நிறம் இருக்க வேண்டும். வெயில் வெளிச்சத்தில் பார்த்தால்தான் சரியாகத் தெரியும், கொட்டகை இருட்டில் எல்லா இமையும் வெளுத்த மாதிரிதான் இருக்கும்.

அறிகுறி: இடது வயிறு உப்பி, ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது

இந்தப் பக்கம் அதிகமாக ஆடு சாவது இதில்தான். அதிகமாகக் காப்பாற்ற முடிவதும் இதில்தான். உப்பிய இடத்தை விரலால் தட்டிப் பாருங்கள்.

*தட்டினால் மேளம் மாதிரி ஓசை வருகிறது.* காற்று. முதலில் வாயைத் திறந்து, கழுத்தைத் தடவிப் பாருங்கள். வாயில் எச்சில் வடிந்து, கழுத்தில் கட்டி மாதிரி தட்டுப்பட்டால் பலாக்கொட்டையோ மாங்கொட்டையோ தொண்டையில் சிக்கியிருக்கலாம். பண்ருட்டிப் பக்கம் பலா சீசனில் இது சகஜம். வெளியிலிருந்து மெதுவாக மேல்நோக்கித் தள்ளிப் பார்க்கலாம். கையை உள்ளே விட்டுத் தோண்டாதீர்கள், கடைவாய்ப் பல் விரலைக் கிழித்துவிடும். நகரவில்லையென்றால் உடனே டாக்டர்.

தொண்டையில் எதுவும் இல்லையென்றால், காலையில் பனி ஈரத்தோடு மேய்ந்ததா, பச்சைக் கடலைக்கொடி தின்றதா என்று யோசியுங்கள். முன்னங்கால் இரண்டையும் ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தி, இடது வயிற்றைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துவிடுங்கள். பெரிய ஆட்டுக்கு 50 முதல் 100 மில்லி கடலை எண்ணெய் கொடுக்கலாம். கொடுக்கும் விதம் முக்கியம். ஆடு நின்றுகொண்டிருக்க வேண்டும், மூக்கு கண்ணுக்கு மேல் உயரக்கூடாது, வாய் ஓரத்தில் சிறிது சிறிதாக விட்டு விழுங்கியபின் அடுத்த மடக்கு. இருமினால் தலையைக் கீழே விட்டுவிடுங்கள். மூன்று பேர் பிடித்து அண்ணாக்க வைத்து ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குப் போய், வயிறு சரியான ஆடு மூன்றாம் நாள் சளியில் செத்துப்போகிறது. மேய்ச்சல்காரர்கள் பலருக்கு இதைக் கெஞ்சித்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

எண்ணெய் கொடுத்து அரை மணி நேரத்தில் ஏப்பம் வரவேண்டும். வராமல், ஆடு வாயைத் திறந்து மூச்சுவிட ஆரம்பித்தால் அது டாக்டர் ஊசி குத்திக் காற்றை இறக்க வேண்டிய நிலை. அதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.

*அழுத்தினால் பிசைந்த மாவு மாதிரி விரல் பதிகிறது, அல்லது உள்ளே தண்ணீர் தளும்புகிறது.* இது காற்று இல்லை. அரிசி, சோறு, மாவு, பொங்கல் அதிகமாகத் தின்று வயிறு புளித்துவிட்டது. மாட்டுப் பொங்கலன்று ஆசையாக ஒரு தட்டுப் பொங்கல் வைப்பார்கள், புதுச்சேரியில் கல்யாண மண்டப மிச்சச் சோற்றைப் பக்கெட்டோடு கொட்டுவார்கள், ரேஷன் அரிசி மூட்டையை ஆடு தானே அவிழ்த்திருக்கும். பண்ருட்டியில் பலாச்சக்கை, முந்திரித் தோப்பில் உதிர்ந்த முந்திரிப் பழம் இரண்டும் இதே வேலையைச் செய்யும். சாணம் இளகிப் புளித்த வாடை அடிக்கும்.

தின்றது தெரிந்த உடனே, ஆடு நன்றாக இருக்கும்போதே, 15 முதல் 20 கிராம் சமையல் சோடாவை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மேலே சொன்ன மாதிரி கொடுங்கள். குடிதண்ணீர்த் தொட்டியைச் சில மணி நேரம் எடுத்துவிடுங்கள். தீவனம் வேண்டாம், காய்ந்த வைக்கோல் மட்டும். ஆடு தள்ளாடினாலோ, படுத்துக்கொண்டு கண் உள்ளே போனாலோ, சூடு 101-க்குக் கீழே இறங்கினாலோ சோடாவோடு நிறுத்தாதீர்கள். நரம்பில் மருந்து ஏற்றினால்தான் பிழைக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பெரும்பாலும் காலைவரை இருக்காது.

*உப்பல் வந்து வந்து போகிறது, ஆடு இளைத்துக்கொண்டே வருகிறது.* குப்பை மேயும் நகர்ப்புற ஆடு என்றால் வயிற்றில் பிளாஸ்டிக் பை. கை வைத்தியம் கிடையாது. ஆபரேஷன் செய்வதா, விற்பதா என்பதை டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அறிகுறி: கழிச்சல்

பெரிய ஆடு, காய்ச்சல் இல்லை, இரை எடுக்கிறது என்றால் தீவனம் மாறியிருக்கும். மழைக்குப் பிறகு முளைத்த இளம்புல் ஒரு முக்கியக் காரணம். இரண்டு நாள் காய்ந்த கடலைக்கொடியும் வைக்கோலும் போட்டாலே புழுக்கை திரண்டுவிடும். திரளவில்லையென்றால் காலையில் விழும் புதுச் சாணத்தை ஒரு சின்ன கவரில் எடுத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். எந்தப் புழு என்று பார்த்துச் சொல்வார்கள். கடைக்காரர் கொடுக்கும் மருந்தை மாதாமாதம் ஊற்றுவதைவிட இது சிக்கனம்.

ஒன்றிலிருந்து நான்கு மாதக் குட்டி, கழிச்சலில் ரத்தக்கோடு, வாலெல்லாம் அப்பியிருக்கிறது என்றால் ரத்தக்கழிச்சல். ஈரத் தரையில் நெருக்கமாக அடைத்த குட்டிகளுக்கு வரும். சாதாரண குடற்புழு மருந்து இதற்குக் கேட்காது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். மடிப்பு உடனே மறையாமல் நின்றால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டே டாக்டரிடம் போங்கள். பிறந்து சில நாளே ஆன குட்டி என்றால், சீம்பால் சரியாகக் குடித்ததா என்பதுதான் கேள்வி. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் மடக்கு உள்ளே போயிருக்க வேண்டும்.

கழிச்சலோடு காய்ச்சலும், கண் மூக்கு ஒழுகலும் சேர்ந்தால் இந்தத் தலைப்பை விட்டு அடுத்ததற்கு அடுத்ததற்குப் போங்கள். அது வேறு நோய்.

அறிகுறி: தாடைக்குக் கீழே பை மாதிரி வீக்கம், இமை வெளுப்பு

மார்கழி, தை மாதங்களில் இது கண்ணில் படும். மேய்ந்துவிட்டு வரும்போது வீக்கம் கூடும், இரவில் தலை தூக்கிப் படுத்தபின் குறையும். கழிச்சல் இல்லையே, எப்படிப் புழுவாக இருக்கும் என்று கேட்பார்கள். ரத்தம் குடிக்கும் புழு கழிச்சல் இல்லாமலேயே ஆட்டை வெளுக்க வைக்கும். நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுவதுதான் அதன் வேலை.

இமை வெளிர்ரோஸ் என்றால் அந்த ஆட்டுக்கு மருந்து கொடுத்தால் போதும். பட்டியில் உள்ள எல்லாவற்றுக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தால் மருந்துக்கு அசையாத புழுதான் மிஞ்சும். எடை பார்த்து முழு அளவு கொடுங்கள், "கொஞ்சம் குறைச்சலா" என்பதும் அதே கெடுதலைத்தான் செய்யும். சினை பிடித்த முதல் ஒன்றரை மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டாம், குட்டிக்கு ஊனம் வரும். இமை வெள்ளைத்தாள் மாதிரி இருந்தால் மருந்தோடு டாக்டரும் வேண்டும், அந்த ஆட்டை ஓட்டி மேய்க்கக்கூடாது.

ஏரி ஓரம், வாய்க்கால் கரை, அறுத்த நெல் வயல் என்று நத்தை இருக்கும் இடத்தில் மேய்ந்த ஆடு என்றால் ஈரல் தட்டைப்புழுவாகவும் இருக்கலாம். பெருமாள் ஏரிப் பக்கமும் காட்டுமன்னார்கோயில் பக்கமும் மேய்ப்பவர்கள் சாணப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது இதையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், மருந்து வேறு. மேய்ச்சலைப் பனி காய்ந்த பிறகு, ஒன்பது மணி வாக்கில் தொடங்குங்கள். ஈரப்புல்லின் நுனியில்தான் புழுக்குஞ்சு ஏறியிருக்கும். அகத்தி, கிளுவை, வேம்பு என்று உயரத்தில் கட்டிய தழையில் அந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: மூக்கு ஒழுகல், இருமல்

ஒன்றிரண்டு ஆட்டுக்கு மட்டும், தெளிந்த நீர், காய்ச்சல் இல்லை: மழைச் சாரலும் கொட்டகை ஈரமும். 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று புயல் கரை ஏறும் கடற்கரை இது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சாரல் அடிக்கும் பக்கம் தார்ப்பாய் கட்டி, தரையை மேடாக்கிவிட வேண்டும். மேலே காற்றுப் போக இடம் விடுங்கள். நாலு பக்கமும் மூடிய கொட்டகையில் மூத்திர நெடியே சளியைக் கொண்டுவரும். நீங்கள் உள்ளே குனிந்து ஆட்டின் உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள், கண் எரிந்தால் அதற்கும் எரிகிறது.

மூன்று நான்கு ஆட்டுக்கு ஒரே நேரத்தில், 105 காய்ச்சல், மூக்கில் கெட்டிச் சளி, கண்ணில் பீளை, ஈறிலும் நாக்கிலும் தவிடு ஒட்டியது போன்ற புண், அப்புறம் கழிச்சல் என்றால் ஆட்டுக்கொல்லி நோய். காத்திருக்க இங்கே எதுவும் இல்லை. அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள், நோயுற்றவற்றைத் தனியே கட்டுங்கள், சந்தைக்கு ஓட்டாதீர்கள். நோய் வந்த ஆட்டை அவசரமாக விற்றால் வாங்கியவர் ஊரே படுத்துவிடும். தடுப்பூசி நான்கு மாதக் குட்டியிலிருந்து போடலாம், ஒரு ஊசி மூன்று வருஷம் காக்கும், அரசு முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். சந்தையிலிருந்து புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று வாரமாவது தனியே கட்டாமல் பட்டியில் சேர்த்த வீடுகளில்தான் இந்த நோயை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அறிகுறி: நொண்டல்

குளம்பைத் தூக்கிப் பிளவுக்கு நடுவில் பாருங்கள். முள், கல், கருவேல முள் ஒடிந்த நுனி இருந்தால் எடுத்துக் கழுவினால் சரி. பிளவில் வெள்ளையாக அழுகி நாற்றம் வந்தால் குளம்பழுகல். வளர்ந்த குளம்பைச் சீவி, 100 லிட்டருக்கு 5 கிலோ என்ற கணக்கில் மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் சில நிமிஷம் நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரை ஆடு குடிக்கக்கூடாது, விஷம். நொண்டலோடு வாயில் கொப்புளமும் இருந்தால் கோமாரி, டாக்டர். குட்டிகளுக்கு மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் தொப்புள் வழி சீழ் ஏறியிருக்கிறது, அதற்கும் டாக்டர்தான்.

அறிகுறி: கிடா முக்கிக்கொண்டே நிற்கிறது, கத்துகிறது

மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள். ஊற்றுவதற்கு முன் ஒரு காய்ந்த சாக்கைக் கீழே விரித்து அரை மணி நேரம் பாருங்கள். சாக்கு நனைந்தால் நிம்மதி. சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ நனையவே இல்லையென்றாலோ மூத்திரத்தில் கல்லடைப்பு. குறி முனையில் உள்ள மயிரைத் தடவினால் மணல் நறநறவென்று தட்டுப்படுவது இன்னொரு அடையாளம்.

பக்ரீத்துக்கென்று கட்டிப்போட்டுத் தவிடும் தானியமுமாக வளர்க்கும் கிடாக்களுக்கு, அதிலும் சின்னக் குட்டியிலேயே காயடித்தவற்றுக்கு, இது வரும். அடைத்தபின் நிறையத் தண்ணீர் புகட்டுவது மூத்திரப்பையை வெடிக்கவைக்கும். அன்றே டாக்டரிடம் கொண்டுபோனால் முனையில் உள்ள புழு போன்ற பகுதியை நறுக்கி அடைப்பை எடுக்க வாய்ப்புண்டு, மறுநாள் அந்த வாய்ப்புக் குறைவு. வராமல் தடுக்க, தவிட்டைக் குறைத்துத் தழையைக் கூட்டுங்கள், தாது உப்புக் கட்டி தொங்கவிடுங்கள், நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், காயடிப்பதை மூன்று மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நேற்று நன்றாக இருந்தது, காலையில் செத்துக் கிடக்கிறது

முதலில் மூக்கையும் ஆசனவாயையும் பாருங்கள். உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வடிந்திருந்தால் *அறுக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள், யாரையும் தொடவிடாதீர்கள்.* அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், மனிதருக்கும் ஒட்டும். கால்நடைத் துறைக்குச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும்.

ரத்தம் இல்லை, செத்தது பட்டியிலேயே கொழுத்த குட்டி என்றால் துள்ளுமாரி, குடலில் கிருமி நஞ்சு சேர்ந்து கொல்லும் நோய். மழை பெய்து இளம்புல் தளிர்த்த வாரங்களிலும், திடீரென்று தீவனத்தைக் கூட்டும்போதும் வரும். மீதிக் குட்டிகளுக்குத் தீவனத்தை உடனே பாதியாக்குங்கள், டாக்டரைக் கேட்டுத் தடுப்பூசி போடுங்கள். வருஷா வருஷம் மழைக்கு முன், ஆடி ஆவணியிலேயே போட்டுவிடுவது நல்லது. முதல்முறை போடுபவர்கள் இரண்டு வாரத்தில் இன்னொரு ஊசியும் போட வேண்டும்.

ஒன்றுக்கு மேல் செத்து, மற்றவை தள்ளாடினால் விஷம். மரவள்ளி இலையோ மறுதாம்புச் சோளத் தளிரோ (அறுத்த தாளில் திரும்பத் துளிர்ப்பது) தின்றிருந்தால் ஈறு பளீரென்று சிவந்து, மூச்சுத் திணறும். நிமிஷக்கணக்கில் வேலை நடக்கிறது, உடனே 1962. முந்திரித் தோப்பில் மேய்ந்தவை எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, கண்மணி சுருங்கியிருந்தால் தேயிலைக் கொசு என்ற முந்திரிப் பூச்சிக்கு அடித்த மருந்து. தை, மாசியில் தோப்புக்காரரிடம் எந்த நாளில் அடித்தார் என்று கேட்காமல் ஆட்டை உள்ளே விடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது காலி மருந்து பாட்டிலையும் எடுத்துப் போங்கள், மாற்று மருந்தை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

இன்சூரன்ஸ் செய்த ஆடு என்றால் காது வில்லையோடு போட்டோ எடுத்து, டாக்டர் பிரேதப் பரிசோதனை செய்யும்வரை புதைக்காதீர்கள்.

அறிகுறி: சினை நிற்கவில்லை, அல்லது குட்டி வீசுகிறது (கரு கலைகிறது)

21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்துகொண்டே இருந்தால், கிடா சேர்த்த நேரத்தைக் கவனியுங்கள். வாலாட்டிக் கத்த ஆரம்பித்து 12 மணி நேரம் கழித்துச் சேர்ப்பது நல்லது. எல்லாப் பெட்டையும் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தால் கிடாவில்தான் குறை. ஒரே கிடாவை வருஷக்கணக்கில் வைத்திருந்தால் மகளோடும் சேரும், குட்டிகள் சிறுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஐந்து மாதச் சினையில் பாதியைத் தாண்டி ஒன்று வீசினால் முட்டு, உதை காரணமாக இருக்கலாம். இரண்டாவதும் வீசினால் கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா கிருமி இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுங்கள். நஞ்சுக்கொடியை வெறும் கையால் தொடாதீர்கள், அந்த ஆட்டின் பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். அலை அலையாக மனிதருக்குக் காய்ச்சல் வரும் நோய் அது.

அறிகுறி: சந்தையில் விலை படியவில்லை

இதையும் ஒரு கோளாறாகவே பாருங்கள். எளிய காரணம், எடை உங்களுக்குத் தெரியாது, வியாபாரிக்குத் தெரியும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்ச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதே எண்ணால் பெருக்குங்கள். வந்ததைத் தோள்முனையிலிருந்து புட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி 660-ஆல் வகுத்தால் கிலோ. 28 அங்குலச் சுற்றும் 24 அங்குல நீளமும் உள்ள கிடா 28 கிலோ சொச்சம் வரும். இதில் கறி பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும், 13 கிலோ என்று வையுங்கள். அன்றைய சில்லறைக் கறி விலையை அதனோடு பெருக்கிப் பார்த்துவிட்டு வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஏறுங்கள். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து ரகசியமாக விலை பேசும்போது உங்களிடமும் ஒரு எண் இருக்கும்.

அடுத்த காரணம் நேரம். புரட்டாசியில் கறி தின்பவர் குறைவு, விலை இறங்கும். அப்போது விற்காமல், முடிந்தால் குட்டி வாங்குங்கள். ஆடியில் ஊர்க் கோயில்களுக்கும், தீபாவளிக்கு முந்தைய சந்தையிலும் தேவை ஏறும். பக்ரீத் ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் முன்னால் நகரும் என்பதைக் கணக்கில் வைத்துக் குட்டி கட்டுங்கள். குர்பானிக்கு வாங்குபவர்கள் ஒரு வயது நிறைந்ததா என்று பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். கொம்பு ஒடிந்தது, நொண்டுவது, கண் பழுதானது கழிந்துவிடும்.

மூன்றாவது, ஆடே இளைத்திருக்கிறது. மழைக்காலம் முடிந்து தையில் சந்தைக்கு வரும் ஆடுகளில் பல இப்படித்தான் இருக்கின்றன. அவற்றை ஓட்டிப்போவதற்கு முன் இமையைப் பாருங்கள். வெளுத்திருந்தால் புழு மருந்து கொடுத்து ஆறு வாரம் தழையும் கடலைக்கொடியும் போட்டுவிட்டு அதே டேப்பால் திரும்ப அளங்கள். மருந்து கொடுத்த ஆட்டை எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விற்கலாம் என்பது மருந்து டப்பாவில் போட்டிருக்கும், அந்த நாள் கணக்கு முடிந்த பிறகே விற்பனைக்கு ஓட்டுங்கள்.